872 என்ற எண்ணை யார் எண்ணினார்கள்?

2021 ஜூலைத் தொடக்கம். கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் மலேசியா முடங்கிக் கிடந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகளின் வாசலில் வெள்ளைக் கொடி பறந்தது. பிள்ளைகள் கைப்பேசித் திரையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் காவல் துறைத் தலைமையகமான புக்கிட் அமானின் குற்றப் புலனாய்வுத் துறை ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டது. 2019-இல் 609, 2020-இல் 631, 2021-இன் முதல் ஐந்து மாதங்களில் 468, ஆக மொத்தம் 1,708 தற்கொலைச் சம்பவங்கள். அவற்றுள் 15 முதல் 18 வயதுக்குட்பட்டோர் 872 பேர், அதாவது 51 விழுக்காடு. பெண்கள் 1,427 பேர், ஆண்கள் 281 பேர்.

நாளிதழ்கள் எல்லா மொழியிலும் அதை அப்படியே போட்டன. "தற்கொலை செய்துகொள்பவர்களில் பாதிப் பேர் பதின்ம வயதினர்" என்ற வாக்கியம் அன்று புறப்பட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில், தன்முனைப்பு முகாம்களில், கோயில் மண்டபத்து இளைஞர் நிகழ்ச்சிகளில் அது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நான் வசிக்கும் புக்கிட் பெருவாங், படிக்க வந்த பிள்ளைகளால் நிறைந்த இடம். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இங்கேதான். வாடகை வீடுகளிலும் விடுதிகளிலும் நாடு முழுவதிலுமிருந்து வந்த இளையோர் தங்கியிருக்கிறார்கள். ஜாசின், மெர்லிமாவ், பூலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களும் சுற்றுவட்டாரத் தாமான்களில் குடியேறியிருக்கின்றன. இங்குள்ள ஒரு தாய் அந்த வாக்கியத்தைக் கேட்டால் அன்றிரவு தூங்கமாட்டாள். அப்படி ஒரு பயத்தை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோகிறவர்களுக்கு, அந்த எண் சரிதானா என்று பார்க்கும் பொறுப்பு உண்டு.

பென்சிலும் தாளும் இருந்தால் போதும், போட்டுப் பார்த்துவிடலாம்.

2019 ஜனவரி முதல் 2021 மே வரை 29 மாதங்கள். 872-ஐ ஆண்டுக் கணக்காக்கினால் ஏறத்தாழ 360. மலேசியாவில் 15 முதல் 18 வயதுள்ளவர்கள் இருபது லட்சத்துக்குச் சற்று மேல். அப்படியானால் அந்த வயதில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 17 பேர் என்றாகிறது. மீதி 836 சம்பவங்கள் மற்ற எல்லா வயதினருக்கும் உரியவை. அவர்களோ மூன்று கோடிப் பேர். லட்சத்துக்கு ஒருவர்தான் தேறுகிறது. அதாவது, படிவம் நான்கு, படிவம் ஐந்து வயதுப் பிள்ளைகள் நாட்டின் மற்ற மக்களைவிட ஏறக்குறைய பதினைந்து மடங்கு அதிகமாக உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று இந்தப் பட்டியல் சொல்கிறது. அதே அறிக்கை 19 முதல் 40 வயது வரை 668 பேர் என்றது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 168. நாற்பதைத் தாண்டிய அத்தனை பேரும், கடனில் மூழ்கியவரும் நோயில் வாடியவரும் தனித்து விடப்பட்ட முதியவரும், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவரோடு சேர்ந்து அந்த 168-க்குள் அடங்கியாக வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளில் வயது ஏற ஏறத் தற்கொலை விகிதமும் ஏறும், முதியவர்களிடம்தான் அது உச்சத்தில் இருக்கும். இங்கே அது தலைகீழாக நிற்கிறது.

ஆண், பெண் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 83 பேர் பெண்களாம். நம் சுகாதார அமைச்சே 2007-இல் தேசியத் தற்கொலைப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, அரசு மருத்துவமனைகளின் தடயவியல் பிரிவுகளிலிருந்து விவரம் திரட்டியது. 2009-க்கான அதன் அறிக்கையில் 328 இறப்புகள் பதிவாகியிருந்தன. அதில் ஆண்கள் பெண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குப் போடும் மதிப்பீட்டிலும் ஆண்கள்தான் மூன்று நான்கு மடங்கு. பத்து ஆண்டில் ஒரு நாட்டின் விகிதம் இப்படிக் குப்புறக் கவிழ்ந்துவிடாது.

பெண்களும் பதின்ம வயதினரும் மிகுந்திருக்கும் பட்டியல் எது என்று இத்துறையில் இருப்பவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். உயிர் பிழைத்துச் சிகிச்சைக்கு வந்தவர்களின் பட்டியல்தான் அப்படி இருக்கும். முயற்சிகளில் இளம்பெண்கள் மிகுதி. இறப்புகளில் ஆண்கள் மிகுதி. இந்த 1,708-இல் இரண்டும் கலந்திருக்க வேண்டும், அல்லது அட்டவணையில் வரிசைகள் இடம் மாறியிருக்க வேண்டும். இரண்டில் எது நடந்திருந்தாலும், "பாதிப் பேர் பிள்ளைகள்" என்ற வாக்கியத்தை அந்த எண்ணின் மேல் ஏற்றி வைக்க முடியாது. செய்தியை வெளியிட்டவர்கள் அன்றே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: இவை இறப்புகளா, சம்பவங்களா?

எண் விசித்திரமாக இருக்கிறது என்பதாலேயே அது பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. தமிழ்நாட்டிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில், சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே பல்லாண்டுகளாகப் பணியாற்றிவருகிறது. 1992 முதல் 2001 வரை அங்கே 10 முதல் 19 வயதில் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2004-இல் 'லான்செட்' இதழில் வந்தது. தற்கொலை விகிதம் பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளில் 58. அதைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் அந்த எண்ணின் பின்னால் உழைப்பு இருந்தது. கிராமத்துச் சுகாதார ஊழியர்கள் ஒவ்வொரு சாவையும் பதிந்தார்கள். இறந்தவரின் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசி, இறப்பின் காரணத்தை உறுதிப்படுத்தினார்கள். யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள், எத்தனை பேரில் எண்ணினார்கள் என்ற மூன்றுக்கும் விடை இருந்தது. ஆகவே அந்த 148-ஐ எவராலும் தள்ள முடியவில்லை. 872-க்கு அந்த மூன்று விடைகளில் ஒன்றும் கூட வரவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, பிள்ளைகள் சாவு என்பதே மிகைப்படுத்தல் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மொத்தக் கணக்கில் பிழை எதிர்ப்பக்கம் இருக்கிறது. காவல் துறை 2019-க்குச் சொன்ன எண் 609. அதே ஆண்டுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 1,800-க்கும் மேல். மூன்று மடங்கு வித்தியாசம். எஞ்சிய அந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் எங்கே போனார்கள்?

பெரும்பாலும் வேறு பெயர்களுக்குள் போயிருக்கிறார்கள். வீட்டிலோ விடுதியிலோ ஓர் இளம் உயிர் திடீரென்று போனால் காவல் நிலையத்தில் 'மாத்தி முஙெஜுட்' என்கிற திடீர் மரண அறிக்கை திறக்கப்படுகிறது. உடல் பரிசோதனைக்குப் போகிறது. அந்த நேரத்தில் குடும்பத்தின் ஒரே கவலை உடலைச் சீக்கிரம் வாங்கிக் காரியம் செய்வதுதான். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று மாமாவோ சித்தப்பாவோ சொல்வார். சொல்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் திருமணமாக வேண்டிய இன்னொரு பெண் இருப்பாள், ஊர் பேசும் என்ற பயம் இருக்கும், காப்புறுதிப் பணம் கிடைக்காதோ என்ற கலக்கமும் இருக்கும். விசாரணை அதிகாரிக்கோ மரண விசாரணை நீதிமன்றத்துக்கோ நோக்கம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லச் சான்று வேண்டும். சான்று போதாதபோது 'நோக்கம் தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதப்படும். நோய்களையும் இறப்புக் காரணங்களையும் வகைப்படுத்தும் அனைத்துலகக் குறியீட்டின் பத்தாம் பதிப்பில் தற்கொலைக்கு எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை ஓர் இடம், நோக்கம் தெரியாதவற்றுக்கு ஒய்10 முதல் ஒய்34 வரை வேறோர் இடம். இரண்டாவது இடத்தில் விழுந்த இறப்பு, தற்கொலைக் கணக்கில் ஒருபோதும் வராது.

இதை நம் நாட்டில் முதலில் அழுத்தமாகச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் மனநல மருத்துவப் பேராசிரியர் டி. மணியம். 1966 முதல் 1990 வரையிலான அரசுப் பதிவுகளை அவர் அலசி 1995-இல் எழுதிய கட்டுரையின் முடிவு இன்றைக்கும் உறைக்கக்கூடியது. ஏட்டில் தற்கொலை விகிதம் குறைந்துகொண்டே வந்தது. அதே காலத்தில் 'நோக்கம் தீர்மானிக்கப்படாத வன்மரணம்' என்ற வகை மளமளவென்று கூடியது. மக்கள் சாவது குறையவில்லை, சாவை எழுதும் இடம்தான் மாறியது. அதற்கு முன்பே, 1988-இல், கேமரன் மலையில் அவர் செய்த ஆய்வு அங்கே வாழ்ந்த இந்தியர்களிடையே தற்கொலை மிக அதிகம் என்பதைப் பதிந்திருந்தது. 2000-களின் தேசியப் பதிவேட்டிலும் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேராக இருக்கும் இந்தியர்கள், இறப்பில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தார்கள். கணக்கு தப்பாக எழுதப்படும் நாட்டில், அதன் சுமை அதிகமாக விழுவது நம் வீடுகளில்தான்.

சட்டமும் உண்மையை மறைக்கவே தூண்டியது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. பிழைத்த பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பெற்றோர் மருத்துவரிடம் உண்மை பேசத் தயங்கியதில் வியப்பில்லை. 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. மிக நல்ல காரியம். ஆனால் அதனால் இனிவரும் ஆண்டுகளின் புள்ளிவிவரத்தைப் படிப்பதில் ஒரு புதிய கவனம் தேவைப்படுகிறது. பயம் நீங்கி மக்கள் உண்மையைச் சொல்லத் தொடங்கினால் எண்ணிக்கை கூடும். காவல் துறைக் கணக்கில் 2022-இல் 981, 2023-இல் 1,087 என்று வந்தபோது "பத்து விழுக்காடு உயர்வு" என்று தலைப்புப் போட்டார்கள். சாவு கூடியதா, சாவைச் சொல்வது கூடியதா என்பதை அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இந்தியாவிலும் கதை இதுவே. 2010-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஏறத்தாழ 1,34,600 தற்கொலைகள் என்றது. வீடு வீடாகச் சென்று இறப்புக் காரணம் விசாரித்த ஆய்வு 1,87,000 என்று மதிப்பிட்டது. காவல் நிலையத்துக்கு வராமலேயே போன உயிர்கள் அரை லட்சத்துக்கும் மேல்.

அப்படியானால் நம் பதின்ம வயதினரைப் பற்றி நம்பத்தக்க எண்ணே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது அளப்பது இறப்பை அன்று. சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார, நோய் ஆய்வு 13 முதல் 17 வயது மாணவர்களிடம் 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் நடத்தப்பட்டது. கடைசிச் சுற்றில் 239 பள்ளிகளைச் சேர்ந்த 33,523 மாணவர்கள் பங்கேற்றார்கள். பெயர் எழுதாமல் விடைத்தாளில் கறுப்படிக்கும் முறை. கடந்த 12 மாதங்களில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொன்னவர்கள் 2012-இல் 6.8 விழுக்காடு, 2017-இல் 6.9 விழுக்காடு, 2022-இல் 9.5 விழுக்காடு. அந்த எண்ணம் தீவிரமாக வந்ததாகச் சொன்னவர்கள் 7.9-இலிருந்து 10.0, பிறகு 13.1. மூன்று முறையும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே, கேட்ட வயதும் ஒன்றே. ஆகவே இந்த ஏற்றத்தை நான் நம்புகிறேன், கவலையோடு நம்புகிறேன். 2012 ஆய்வே இந்திய மாணவர்களிடையே இந்த எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்று காட்டிவிட்டது.

முப்பது பேர் கொண்ட வகுப்பில் நான்கு பிள்ளைகள் கடந்த ஓராண்டில் அந்த எண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியருக்குத் தேவையான புள்ளிவிவரம் இது. 872-ஐவிட இது அவருக்குப் பயன்படும், ஏனென்றால் அந்த நால்வரும் உயிரோடு எதிரில் இருக்கிறார்கள், பேசினால் பதில் சொல்வார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு பாரம் மனத்தில் இருந்தால், சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையோ, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணையோ அழையுங்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999-லும் ஆள் இருப்பார்கள்.

அந்த 9.5-ஐயும் தவறாகப் படிக்க முடியும். "பத்தில் ஒரு மாணவர் தற்கொலை" என்று ஒரு சுவரொட்டியில் எழுதியிருந்ததைக் கண்டேன். 'முயற்சி' என்ற சொல் விழுந்துபோயிருந்தது. அந்த ஒரு சொல் விழுந்ததில், முயற்சிகள் எல்லாம் இரண்டு லட்சம் இறப்புகளாகிவிட்டன. பதினைந்து வயதுப் பிள்ளை அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால், தன் வயதில் இது எல்லாரும் செய்வதுதான் போலும் என்று நினைக்கக்கூடும். ஊடகத்தாருக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி புள்ளிவிவரத்தை எச்சரிக்கையோடு கையாளச் சொல்வதற்குக் காரணம் இதுவே. "15 முதல் 29 வயதில் சாவுக்கு இரண்டாவது பெரிய காரணம் தற்கொலை" என்று நம் மேடைகளில் இன்னும் சொல்கிறார்கள். அது அந்நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையின் வரி. 2019 கணக்கில் அது நான்காவது இடம், 2021 கணக்கில் மூன்றாவது. அதுவும் உலகக் கணக்கு. மலேசியாவில் அந்த வயதினரை அதிகம் கொண்டுபோவது சாலை விபத்து.

மலாக்காவுக்கு வருவோம். இங்கே எண்களைக் கையாள்வது இன்னும் கடினம். மாநில மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டி. 15 முதல் 19 வயதினர் எண்பதாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு ஐந்து என்ற விகிதம் இருந்தால், மாநிலம் முழுவதிலும் ஆண்டுக்கு நான்கு இறப்புகள். அடுத்த ஆண்டு ஆறு ஆனால் "மலாக்காவில் பதின்ம வயதுத் தற்கொலை 50 விழுக்காடு உயர்வு" என்று தலைப்பு வரும். அதற்கடுத்த ஆண்டு மூன்று ஆனால் "பாதியாகக் குறைந்தது, திட்டம் வெற்றி" என்பார்கள். இரண்டும் சரியான வாசிப்பு ஆகாது. சின்ன எண்கள் தாமாகவே ஏறி இறங்கும். மலாக்காவில் இந்தியர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில். அந்த வயது இந்தியப் பிள்ளைகள் ஐயாயிரம் பேர்கூடத் தேறமாட்டார்கள். அதே விகிதம் என்றால் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு சாவு. விகிதம் இரு மடங்கு என்றாலும் இரண்டாண்டுக்கு ஒன்று. ஒரே ஆண்டில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டால் அந்த இரண்டு வீடுகளுக்கும் உலகமே இடிந்துபோகிறது. ஊரே கலங்குகிறது. ஆனால் அதிலிருந்து ஒரு போக்கைக் கணக்கிட முடியாது. பத்தாண்டுகளைச் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

புக்கிட் பெருவாங் போன்ற மாணவர் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கெடாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவருக்கு இங்கே ஏதாவது நேர்ந்தால் காவல் துறைப் பதிவு மலாக்கா தெங்கா மாவட்டத்தில் ஏறும். அவர் பெயர் இருக்கும் குடும்ப முகவரியோ கெடாவில். இறப்பை நடந்த இடத்தில் எண்ணி, மக்கள்தொகையை நிலையாகக் குடியிருப்பவர்களை மட்டும் வைத்து எண்ணினால், பல்கலைக்கழகம் இருக்கும் எந்த மாவட்டமும் ஆபத்தான மாவட்டமாகத் தோன்றும். நம் சங்கங்கள் மானியம் கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் இத்தகைய மாவட்ட எண்கள் இடம்பெறுவதைப் பார்க்கிறேன். அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் பிழையான எண்ணை வைத்துக் கட்டிய திட்டம் பிழையான இடத்தில் போய் நிற்கும். பணமெல்லாம் படிவம் ஐந்து மாணவிகளுக்கான முகாம்களுக்குப் போய், பள்ளியை விட்டு நின்று, வேலையும் நிலையில்லாமல், வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கும் இருபத்தைந்து வயது அண்ணனை யாரும் கண்டுகொள்ளாமல் போனால், அந்தத் தவறு 51 விழுக்காடு என்ற அட்டவணையில் தொடங்கியதுதான்.

ஒழுங்காக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1995-இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 2005-இல் விகிதம் ஏறக்குறையப் பாதியாக இறங்கியிருந்தது. அந்தத் தடையால்தான் இறங்கியது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிந்ததற்கு, ஆண்டு தவறாமல் வயது, பால், காரணம் என்று பிரித்து எழுதிவைத்த பதிவு இருந்தது. மலேசியாவும் 2020 தொடக்கத்தில் தோட்டங்களில் பரவலாகப் புழங்கிய ஒரு களைக்கொல்லிக்குத் தடை விதித்தது. அது புக்கிட் அசஹான், கெமெண்டோர் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் எத்தனை உயிரைக் காத்தது என்று சொல்ல, தடைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் எண்ணிய பதிவு நம்மிடம் வேண்டும். 2007-இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டின் அறிக்கைகள் மூன்றாண்டுக் கணக்கோடு நின்றுபோயின. ஒவ்வோர் ஆண்டும் வெளிவரும் ஒரு பொது அறிக்கை, காவல் துறை, மருத்துவமனைத் தடயவியல் பிரிவு, தேசியப் பதிவு இலாகா, புள்ளிவிவரத் துறை நான்கின் ஏடுகளையும் ஒப்பிட்டு, இறப்பும் முயற்சியும் தனித்தனியாக, 'நோக்கம் தீர்மானிக்கப்படாதவை' எத்தனை என்பதையும் சேர்த்து வரவேண்டும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. ஆண்டுதோறும் "எத்தனை பேர்?" என்று கேட்டு ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது போதாது. எந்த ஏட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். நம் தமிழ் நாளிதழ்களும் அதே கேள்வியைக் கேட்டு, விடை வராவிட்டால் அந்த எண்ணை முதல் பக்கத்தில் போடாமல் இருக்கலாம்.

மாணவர் ஆய்வு ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்ற வரிசை தொடருமானால் அடுத்த சுற்று 2027-இல். அதில் கேட்கப்படுபவர்கள் பள்ளியில் இருப்பவர்கள் மட்டுமே. படிவம் மூன்றோடு நின்றவர்கள், உணவுக் கடையிலும் கார் கழுவும் இடத்திலும் வேலைக்குப் போய்விட்ட பதினாறு வயதினர், அந்த விடைத்தாளைப் பார்க்கப்போவதே இல்லை. நம் சமூகத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பது தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத் தெரியும், தோட்டத்துக் கோயில் தலைவர்களுக்குத் தெரியும், எந்த வீட்டில் என்று கூடத் தெரியும். அவர்களையும் எண்ணுவதற்கான ஏற்பாட்டை ஆய்வுக் குழுவிடம் இப்போதே கேட்க வேண்டும்; ஆய்வு தொடங்கிவிட்ட பிறகு மாதிரியை மாற்ற மாட்டார்கள்.